கொட்டாரத்துப் படிகள்

அத்தியாயம் 11

1963-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மட்டாஞ்சேரி படகுத்துறையிலிருந்து எர்ணாகுளம் போகும் ஏழு மணிப் படகு ஏழு பத்துக்குக் கிளம்பியது.

ராமபத்ரன் பின்வரிசைப் பலகையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் மனைவி நீலாம்பாள், மடியில் தெர்மாஸ் பிளாஸ்க். மறு பக்கம் மகள் கங்கா. அவருடைய சட்டைப் பையில் ஒரு தபால் கார்டு இருந்தது. வியாழக்கிழமை வந்த அந்தக் கார்டை அவர் எத்தனை தடவை எடுத்துப் படித்தார் என்பது போன வாரம் நம்மோடு இருந்தவர்களுக்குத் தெரியும். படகு துறையை விட்டு விலகியதும் இன்னொரு தடவை எடுத்தார்.

"ஞாயிறன்று காலை பத்து மணிக்குக் குழந்தையுடன் திருப்பூணித்துறை ஹில் பாலஸ் வாசலுக்கு வரவும். என் மருமான் வெங்கிடேஸ்வரனும் தமக்கையும் வருகிறார்கள். கொட்டாரத்தைச் சுற்றிப் பார்த்தாற்போலவும் ஆகும். கோயில் வேண்டாம். காரணம் நேரில். இப்படிக்கு, பிச்சைமணி."

கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் அவரைத் தூங்கவிடாமல் செய்தவை.

பெண்ணைச் சம்பிரதாயமாகப் பார்ப்பதற்கு முன்னால் யாருக்கும் சங்கடமில்லாமல் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் அவர்களுடைய சமூகத்தில் கோயிலுக்குப் போவார்கள். பிராகாரத்தில் தற்செயலாகச் சந்தித்ததுபோல் சந்திப்பார்கள். திருப்பூணித்துறைக்காரர்களுக்குப் பூர்ணத்ரயீசன் கோயில் வீட்டு வாசலில் இருப்பது மாதிரி. அதை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு குன்றின் மேல் இருக்கிற மகாராஜாவின் பழைய அரண்மனைக்கு எதற்கு வரச் சொல்கிறார்கள்? அங்கே என்ன இருக்கிறது?

படிகள் இருக்கின்றன என்று ராமபத்ரனே பதில் சொல்லிக்கொண்டார்.

கங்காவுக்கு இருபத்திரண்டு வயது. பி.ஏ. இரண்டாம் வருஷத்தில் அவளுக்கு க்ஷயரோகம் வந்தது. திருச்சூர்ப் பக்கத்து சானடோரியத்தில் பத்து மாதம் இருந்தாள். குணமாகி வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. நவம்பரில் எடுத்த எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் இதற்கு முன் வந்த இரண்டு ஜாதகங்களும், பொருந்தியும், விஷயம் காதில் விழுந்த மறு தபாலில் திரும்பி வந்தன. அதனால் மூன்றாவதாகப் பிச்சைமணி தம் மருமானின் ஜாதகத்தோடு வந்து, குழந்தை படிப்பை ஏன் நடுவில் நிறுத்தினாள் என்று கேட்டபோது ராமபத்ரன், "காமாலை" என்று சொல்லிவிட்டார்.

இப்போது படியேறச் சொல்கிறார்கள். விஷயம் தெரிந்துபோயிருக்கிறது, நேரில் சோதித்துப் பார்க்கப் போகிறார்கள். பையன் வேறு பூனா பக்கத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் கெமிஸ்ட்.

"அந்தக் கார்டை உள்ள வையுங்கோ. படிச்சுப் படிச்சு எழுத்து அழிஞ்சுடும்" என்றாள் நீலாம்பாள்.

"நீ ஏன் பிளாஸ்க்கைக் கட்டிப் பிடிச்சுண்டிருக்கே? அது எங்க ஓடப் போறது?"

 முன்வரிசையில் இரண்டு பேர் புதிதாக வந்த தங்கக் கட்டுப்பாட்டைப் பற்றி வாதம் செய்துகொண்டிருந்தார்கள். பதினாலு காரட்டில் தாலி செய்தால் அது தாலியா என்று ஒருவர் கேட்டார். மற்றவர், சீனாக்காரனிடம் போய்க் கேள் என்றார்.

ராமபத்ரன் மகள் பக்கம் குனிந்தார். "குழந்தே, இன்னிக்கு ஒரு நாள் மாத்திரம். நீயா ஒண்ணும் சொல்லிடாதே. அவா பார்க்கட்டும், போகட்டும். மீதியை நான் பார்த்துக்கறேன்."

"என்ன பார்த்துப்பேள் அப்பா? காமாலைன்னு இன்னொரு தடவை சொல்லுவேளா?"

"கங்கே."

"நானாத் தொடங்க மாட்டேன். அது வாக்கு." அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆனா யாராவது கேட்டா பொய் சொல்ல மாட்டேன். அதுவும் வாக்கு."

எதிரே உப்புக் காற்று வந்தது. அவள் ஒரு தடவை இருமினாள். படகின் டீசல் புகைக்கு மற்றவர்களும்தான் இருமினார்கள். ராமபத்ரனுக்கு அவள் இருமியது மட்டும் கேட்டது.

அவர் மட்டாஞ்சேரியில் யூதர்கள் வாழும் ஜூதத் தெருவில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் சாம்பிள் பார்ப்பவர். இருபத்தெட்டு வருஷ வேலை. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி மிளகை எடுத்துக் காதருகே குலுக்குவார். நன்றாகக் காய்ந்த மிளகு கலகலவென்று பேசும். ஈரம் நின்ற மிளகு தொண்டை கட்டியவன்போல் முனகும். மகள் சானடோரியத்திலிருந்து வந்த நாள் முதல் அவளுடைய மூச்சையும் இருமலையும் அதே காதால்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு அது தெரியும். அவர் பக்கத்தில் இருக்கும்போது தொண்டையைக் கனைக்கக்கூட யோசிப்பாள்.

*

எர்ணாகுளத்தில் இறங்கி ஒரு பஸ், திருப்பூணித்துறையில் இன்னொரு பஸ். குன்றின் அடியில் இறங்கியபோது மணி பத்தாக ஐந்து நிமிஷம் இருந்தது.

வாசல் தூணருகே மூன்று பேர் நின்றிருந்தார்கள். கொட்டாரத்து ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கும் பிச்சைமணி, சிவந்து குள்ளமாக, வாயில் வெற்றிலையோடு. அவருடைய தமக்கை சீதாலக்ஷ்மி, கணவனை இழந்து பத்து வருஷம் ஆனவள், பருத்த சரீரம். சற்றுத் தள்ளி வெங்கிடேஸ்வரன், வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, கையில் மடக்கிய செய்தித்தாள்.

"வரணும், வரணும்" என்றார் பிச்சைமணி. "படகெல்லாம் நேரத்துக்குக் கெடைச்சுதோ? இன்னிக்கு ஆபீஸ் லீவு. வாட்ச்மேன் நம்ம ஆளாக்கும். கொட்டாரம் முழுக்க நமக்குத்தான். ராஜா இருந்த காலத்தில கூட எனக்கு இந்த யோகம் இல்லை."

நீலாம்பாள் முன்னால் போய்ச் சீதாலக்ஷ்மியின் கையைப் பிடிக்கப் போனாள். சீதாலக்ஷ்மி சட்டென்று இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"இல்லை, வேண்டாம்" என்றாள். "நீங்க அங்கேயே நில்லுங்கோ."

நீலாம்பாளின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அதற்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டுமே என்று பிளாஸ்க்கைத் திறந்தாள். கங்கா கூடையிலிருந்து டம்ளரை எடுத்தாள். காபி ஊற்றி, கங்காவே கொண்டுபோய் நீட்டினாள்.

"எனக்கு வேண்டாம்மா" என்றாள் சீதாலக்ஷ்மி, இன்னும் ஓரடி நகர்ந்து. "உங்க பாத்திரத்தில நான் ஒண்ணும் தொட மாட்டேன். தப்பா நெனச்சுக்காதே."

கங்கா டம்ளரோடு திரும்பி வந்தாள். காபியைச் செடியோரம் கொட்டினாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சானடோரியத்திலிருந்து வந்த முதல் வருஷம் அக்கம்பக்கத்து வீடுகளில் அவளுக்குத் தனி டம்ளர் வைத்திருந்தார்கள். இதெல்லாம் அவளுக்குப் பழகிய விஷயம்.

இனி சந்தேகத்துக்கு இடமில்லை. தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார்கள். திரும்பிப் போய்விடலாமா என்று மனைவியைப் பார்த்தார். அவள் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள், அது எப்போதோ மூடிவிட்டது.

"ஏறலாமோ?" என்றார் பிச்சைமணி.

*

படிகள் தட்டுத் தட்டாக இருந்த தோட்டத்தின் நடுவே மேலே போயின. அகலமான கல் படிகள். ராமபத்ரன் எண்ண ஆரம்பித்தார். கங்கா அவருக்கு நாலு படி முன்னால் போனாள். அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டு ஏறினார். தோள் உயர்கிறதா, நிற்கிறாளா, வாயால் மூச்சு விடுகிறாளா?

நாற்பது வரைக்கும் எண்ணினார். கங்கா ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறில் பின்னாலிருந்து பெரிய மூச்சு ஒன்று கேட்டது.

சீதாலக்ஷ்மி நடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எடா பிச்சே" என்றாள். "இவ்வளவு படி இருக்குன்னு ஏன் சொல்லலை?"

"சின்ன வயசில ஓடி ஓடி ஏறினயே அக்கா, ஓணத்துக்கு வேஷ்டி வாங்க அப்பாவோட வரச்சே?"

"அப்போ நான் முப்பது கிலோ."

"ராஜா பல்லக்கில போவார். ஒனக்குப் பல்லக்கு வேணும்னா நாலு பேர் போறாது."

சீதாலக்ஷ்மி கையிலிருந்த விசிறியால் தம்பியை அடிக்க ஓங்கினாள், எட்டவில்லை. வெங்கிடேஸ்வரன் சிரித்தான். கங்கா மேலே நின்று திரும்பிப் பார்த்தாள். அவள் மூச்சு வாங்கவில்லை. அதை ராமபத்ரன் நன்றாகப் பார்த்தார். எண்ணிக்கை அதோடு தவறிப்போயிற்று, மறுபடியும் எண்ணவில்லை.

மேலே போய்ச் சேர்ந்தபோது மிகவும் களைத்திருந்தவர் பெண்ணுமல்ல, பையனுமல்ல, சம்பந்தியாக வரப்போகிறவள்தான். சோதனை என்று ஒன்று இருந்தால் கங்கா அதில் முதல் வகுப்பில் தேறிவிட்டாள். ஆனால் அந்தக் காபி டம்ளர் ராமபத்ரனுக்கு மறக்கவில்லை.

வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு வந்து, "கேறிக்கோளூ ஸாரே" என்று கதவைத் திறந்துவிட்டான். பிச்சைமணி அவர்களை அறை அறையாக அழைத்துப் போனார். பாதி அறைகளில் ஆபீஸ் மேஜைகளும் கட்டுக்கட்டாகக் காகிதமும். மற்றவற்றில் ஒன்றுமே இல்லை. தரையில் ஜன்னல் கம்பிகளின் நிழல் மட்டும்.

"இங்கதான் ராஜா உத்தரவு போடுவார். பதினாலு வருஷம் முன்னால ராஜ்யம் போச்சு. இப்போ இந்த அறையில உத்தரவு போடறது நான்தான், பியூனுக்கு. அவனும் கேக்கறதில்லை."

வெளியே வராந்தாவிலிருந்து ஊர் தெரிந்தது. தென்னை உச்சிகள், அவற்றின் நடுவே ஓட்டுக் கூரைகள், கோயில் கொடிமரத்தின் நுனி, அறுவடை முடிந்த வயல்கள். மேற்கே எல்லாம் ஒரே வெண்மையாக மங்கிக் கிடந்தது. வெயில் தெளிந்த நாளில் கொச்சித் துறைமுகத்துக் கிரேன்கள்கூடத் தெரியும் என்றார் பிச்சைமணி. அவர்களில் யாருக்கும் தெரியவில்லை.

"மட்டாஞ்சேரி எந்தப் பக்கம்?" என்று கங்கா கேட்டாள்.

"அதோ" என்று வெங்கிடேஸ்வரன் காட்டினான். அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. பிறகு கையை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினான். "இல்லை, அதோ. நிச்சயமாத் தெரியலை."

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றாள் கங்கா.

தாய்மார்கள் வராந்தாவின் இரு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு படுக்கையே விரிக்கலாம். நீலாம்பாளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. நேரே எழுந்து போய், தொட்டுவிடாத தூரத்தில் நின்றாள்.

"நீங்க எதுக்கு எங்களைத் தொட மாட்டேங்கறேள்னு கேக்கலாமோ? எதுவா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரே சொல்லிடுங்கோ. இந்த மாதிரி நிக்கறது எனக்கு ஆகலை."

ராமபத்ரன் கண்ணை மூடிக்கொண்டார்.

சீதாலக்ஷ்மி தம்பியைப் பார்த்தாள். "நீ இன்னும் சொல்லலையா?"

"நேரில சொல்றேன்னு எழுதினேனே."

"நேரில வந்து ஒரு மணி நேரம் ஆறது. ராஜாவோட மேஜையைக் காட்டத் தெரிஞ்சுது, இதைச் சொல்லத் தெரியலை." அவள் நீலாம்பாள் பக்கம் திரும்பினாள். "மாமி, எங்களுக்குத் தீட்டாக்கும். என் கொழுந்தனாருக்குப் பாலக்காட்டுக் கல்பாத்தியில கொழந்தை பொறந்திருக்கு, போன ஞாயித்துக்கிழமை. பத்து நாள் கழியணும். கோயிலுக்குள்ள போகப்படாது, உங்காத்துக்கு வந்து பெண் பார்க்கப்படாது. இவனுக்கோ நாளைக்கு ரயில். லீவு நீட்ட மாட்டேங்கறான். சரி, கோயிலும் இல்லாம வீடும் இல்லாம ஒரு இடம் வேணும்னேன். பிச்சை இந்தக் குன்னைப் புடிச்சான். நான் உங்க பாத்திரத்தைத் தொட்டா நீங்க ஆத்துக்குப் போய் எல்லாத்தையும் தேய்ச்சுக் குளிக்கணும். ரெண்டு பஸ், படகு ஏறி வந்தவாளுக்கு அந்த எடங்கேறு எதுக்கு?"



"தீட்டா?" என்றாள் நீலாம்பாள்.

"தீட்டுதான். நீங்க என்ன நெனச்சேள்?"

நீலாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ராமபத்ரனுக்கு முதலில் தெரியவில்லை. பிறகு தோள் குலுங்குவதைப் பார்த்தார். சிரிப்புதான். அவள் அப்படிச் சிரித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. "புள்ளையா, பெண்ணா?" என்று நடுவில் கேட்டாள். "புள்ளை. மூணே முக்கால் கிலோ" என்றாள் சீதாலக்ஷ்மி, ஏதோ தானே பெற்றதுபோல.

ராமபத்ரன் தூணில் சாய்ந்தார். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சோதனையும் இல்லை, படியும் காரணமில்லை. மூன்று நாளாகத் தான் தின்ற பயம் முழுவதும் கல்பாத்தியில் எங்கோ அழுதுகொண்டிருக்கும் ஒரு குழந்தையால் வந்தது. இன்றைய நாள் இப்படியே முடிந்துவிட்டால் போதும் என்று நினைத்தார். அப்படி நினைத்ததற்கு அன்று மாலை வெட்கப்பட்டார்.

*

இறங்கும்போது வரிசை மாறியது. பிச்சைமணி தமக்கையின் கையைப் பிடித்து முன்னால் இறங்கினார். நீலாம்பாள், தொடாத தூரத்தில் நடந்தபடியே குழந்தைக்கு என்ன பெயர் வைக்கப் போகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போனாள். கங்கா கடைசியில் வந்தாள். வெங்கிடேஸ்வரன் அவளுக்கு இரண்டு படி கீழே. ராமபத்ரன் ஏறும்போது பார்த்தது போதுமென்று, செருப்பில் புகுந்த கல்லை எடுக்க மேல்படியில் நின்றிருந்தார்.

கங்கா வலது கையால் பக்கச் சுவரைத் தொட்டுக்கொண்டே இறங்கினாள். கண் ஒவ்வொரு படியிலும் ஊன்றியிருந்தது. ஒரு திருப்பத்தில் சுவர் முடிந்து வெறும் படியாக இருந்தது. அங்கே நின்றாள். லேசாக ஆடினாள். பிறகு இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து வைத்து, சின்னக் குழந்தைபோல் இறங்கினாள்.

வெங்கிடேஸ்வரன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏறறச்சே என்னை விட வேகமா ஏறினேளே" என்றான்.

"ஏறறது கொழப்பம் இல்லை. எறங்கறதுதான்."

"தலை சுத்தறதா?"

"சுத்தறதில்லை. தரை எங்க இருக்குன்னு செத்த நேரம் தெரியாது. இருட்டிலயும் அப்படித்தான்."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்து முடித்ததும் போட்டுக்கொள்ளவில்லை. "ஒண்ணு கேக்கலாமா? பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்லை."

"கேளுங்கோ."

"ஸ்ட்ரெப்டோமைசின் எத்தனை ஊசி போட்டுண்டேள்?"

ராமபத்ரனின் கையிலிருந்த செருப்பு ஒரு படி கீழே விழுந்தது. மகள் திரும்பி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அவள் வாக்கைக் காப்பாற்றியிருந்தாள், அவளாகத் தொடங்கவில்லை.

"தொண்ணூறு" என்றாள் கங்கா. "ரெண்டு மாசம் தினமும். அப்புறம் ரெண்டு மாசம் ஒண்ணு விட்டு ஒரு நாள். பத்து மாசம் சானடோரியத்தில இருந்தேன். வலது பக்கம் மேல, ரூபா அகலத்துக்கு இருந்தது. மூணு வருஷமா ஒண்ணும் இல்லை. நவம்பர்ல எடுத்த படம் இருக்கு."

"காது?"

"காது நன்னாக் கேக்கறது."

"அது பெரிய காரியம். அந்த ஊசி சில பேருக்குக் கால் நிதானத்தைக் கெடுக்கும், நிறைய பேருக்குக் காதே போயிடும்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். "எங்க தொழிற்சாலையில போன வருஷம்தான் அந்த மருந்தைப் பண்ண ஆரம்பிச்சோம். தினமும் எடை பார்த்து, குப்பியில அடைச்சு, சீல் வைச்சு அனுப்பறோம். அது யாருக்குப் போறது, போட்டுண்டவா எப்படி இருக்கான்னு நான் பார்த்ததே இல்லை."

"நான் போட்டுண்டது உங்க மருந்து இல்லை. சீமை மருந்து."

"அதான் குணமாயிருக்கு" என்றான் வெங்கிடேஸ்வரன்.

கங்கா சிரித்தாள். சிரித்ததும் இருமல் வந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அப்பாவைத் திரும்பிப் பார்க்காமல் இருமினாள்.

ராமபத்ரன் ஒரு காலில் செருப்போடு இறங்கி வந்தார். "தம்பி," என்றார். "காமாலைன்னு உங்க அம்மாமன்ட்ட சொன்னது நான். குழந்தை சொல்லலை. இவ அன்னிக்கே வேண்டாம்னா."

"எனக்குக் காமாலைக் கதை தெரியாது மாமா. அம்மாமன் என்ட்ட ஜாதகத்தைப் பத்தித்தான் எழுதினார்."

"உங்க அம்மாக்கு அந்தக் கதை தெரிஞ்சிருக்குமே."

"அம்மாட்ட நான் சொல்லிக்கறேன்."

"வேண்டாம்" என்றார் ராமபத்ரன். "பொய் சொன்னவன் நான். நானே சொல்றேன்." கீழே விழுந்த செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டார்.

*

குன்றின் அடியில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சொன்னார். நின்றுகொண்டே, எதையும் விடாமல், சானடோரியத்தின் பெயர், மாதம், ஊசி, எக்ஸ்ரே எல்லாம். பிச்சைமணி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். சீதாலக்ஷ்மி விசிறியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"காமாலைன்னு எதுக்குச் சொன்னேள்?"

"பேடி. பயந்துட்டேன்."

"நாங்களும் ஒண்ணு மறைச்சுண்டுதான் வந்தோம்" என்றாள் சீதாலக்ஷ்மி. "ஆனா தீட்டு பத்து நாள்ல போயிடும்."

 

அவள் நீலாம்பாளைப் பார்த்தாள். "மூணு வருஷமா இவளோட நீங்க எப்படி இருக்கேள்? தனியாவா?"

"ஒரே ஆத்துல. ஒரே அறையில. முதல் ஆறு மாசம் அவளுக்குத் தனி டம்ளர் வைச்சிருந்தேன்." நீலாம்பாள் நிறுத்தினாள். "அவ ஒரு நாள் அந்த டம்ளரைக் கழுவிண்டிருந்தா. பார்த்தேன். அன்னிக்கே எடுத்து எல்லாத்தோட கலந்துட்டேன். இப்போ எது அதுன்னு எனக்கே தெரியாது."

"உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் வரலையே?"

"ஒண்ணும் வரலை."

சீதாலக்ஷ்மி கங்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மகனை. அவன் செய்தித்தாளைப் பிரித்து, பிரித்தபடியே படிக்காமல் வைத்திருந்தான்.

"ஒன் அபிப்ராயம் என்னடா?"

"நான் சொல்லியாச்சு. நீ யோசிச்சுச் சொல்லு."

"எப்போ சொன்னே?"

"படியில நின்னேனே, அப்பவே."

"நான் முன்னாடி போயிண்டிருந்தேன், கேக்கலை" என்றாள் சீதாலக்ஷ்மி. எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள். "எனக்கு நாள் வேணும் மாமா. புதன்கிழமை தீட்டு கழியறது. அதுக்கப்புறம் தகவல் சொல்றேன்."

பஸ் வந்தது.

படகில் திரும்பும்போது மூன்று பேருக்கும் பசித்தது. நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றார்கள். காலையில் கொண்டுபோனது, யாரும் தொடாதது. கங்கா பலகையில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ராமபத்ரன் பழக்கத்தில் அவளுடைய மூச்சைக் கேட்கக் காதைச் சாய்த்தார். என்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவர் அந்த முயற்சியை விட்டுவிட்டு மீதி வறுவலைத் தின்றார்.

"தகவல் வரலைன்னா என்ன பண்றது?" என்று நீலாம்பாள் மெதுவாகக் கேட்டாள்.

"வரலைன்னா வரலை. அடுத்த தடவை உள்ளதைக் கார்டிலயே எழுதிடலாம்."

அவரே எதிர்பார்க்காத அளவுக்கு அது லேசாக வந்தது.

*

வெங்கிடேஸ்வரன் திங்கட்கிழமை ரயிலேறினான். புதன்கிழமை தீட்டு கழிந்தது. அன்று தகவல் எதுவும் வரவில்லை.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, கம்பெனிக்கு ஆள் வந்து ராமபத்ரனை வீட்டுக்குக் கூப்பிட்டான். அவர் மிளகு வாசனைக் கையோடு நடந்து போனார். கூடத்தில் சீதாலக்ஷ்மியும் பிச்சைமணியும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் தேங்காயும் பூவும் இருந்தன. சீதாலக்ஷ்மி நவம்பர் மாத எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இதில ஒரு எழவும் தெரியலை" என்றாள், படத்தைக் கீழே வைத்து. "விலா எலும்பு மாத்திரம் தெரியறது. இவ இன்னும் கொஞ்சம் சாப்பிடணும்."

பிச்சைமணி தொண்டையைக் கனைத்தார். "அக்காக்குச் சம்மதம். மருமான் எர்ணாகுளம் ஸ்டேஷன்ல வைச்சுத் திரும்பவும் சொல்லிட்டுப் போனான். ஆனா ஒண்ணு. கல்பாத்தியில அவன் பெரியப்பா இருக்கார். அந்தக் குடும்பத்தில அவர் சொல்லாம ஒரு காரியம் நடக்காது. அவருக்கு நான் ஜாதகம் பார்க்கறச்சே காமாலைன்னுதான் எழுதியிருக்கேன். அவர் எதையும் மறக்கிற ஆசாமி இல்லை."

"நான் போய்ச் சொல்றேன்" என்றார் ராமபத்ரன்.

"நானும் வரேன்" என்றாள் கங்கா, அடுக்களை வாசலிலிருந்து.

அவள் கையில் நாலு டம்ளர் காபி இருந்தது. முதல் டம்ளரைச் சீதாலக்ஷ்மியின் முன்னால் வைத்தாள். சீதாலக்ஷ்மி அதை எடுத்து, சர்க்கரை கொஞ்சம் அதிகம் என்று சொல்லி, முழுவதும் குடித்தாள்.

பாலக்காட்டுக்குச் சனிக்கிழமைக் காலை வண்டியில் இரண்டு டிக்கெட் எடுக்கப்பட்டது.